இரண்டாவது மைக்

உங்கள் எல்லோருக்கும் காலை வணக்கம் என்று பாஸ்டர் லால்தங்கா இங்கிலீஷில் சொன்னார். "கர்த்தருக்குள் பிரியமான தேவ ஜனமே, இந்த இன்பமான காலை வேளையிலே உங்கள் ஒவ்வொருவருக்கும் என் அன்பின் ஸ்தோத்திரங்கள்" என்று ஆசீர் சார் இரண்டாவது மைக்கில் சொன்னார். பந்தல் முழுக்க ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று திரும்பி வந்தது. அவர் சொன்னதற்கு இது கொஞ்சம் கூடுதல்தான். இருக்கட்டும். ஆரம்பத்தில் கை தாராளமாக இருந்தால்தான் பின்னால் வெட்டும்போது யாருக்கும் தெரியாது. மொழிபெயர்க்கிறவன் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. பிழைப்பு என்று சொல்லக்கூடாது, ஊழியம். பிழைப்பு ஸ்கூலில், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுப்பது; அந்த ஸ்கூல் மைதானத்தில்தான் இப்போது கிருபாபுரம் கன்வென்ஷன் பந்தல் போட்டிருக்கிறது. உங்கள் ஊர் ஒரு நாள் வெயில் எங்கள் மலைக்கு ஒரு வருஷத்துக்குக் காணும் என்றார் பாஸ்டர். ஆசீர் சார் அதைச் சொன்னார், சனம் சிரித்தது. வடகிழக்கே மிசோ மலையிலிருந்து வந்த குள்ளமான மனுஷன், இந்தச் சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை. ஆனால் பிரசங்கியாரில் தங்கம். சின்னச் சின்ன வரியாகச் சொல்வார், சொல்லிவிட்டு நிறுத்தி ஆசீர் சார் முகத்தைப் பார்த்து நிற்பார். சில பேர் இருக்கிறார்கள், மடை திறந்த மாதிரி கொட்டிவிட்டு, ம், சொல்லு என்பதாகத் திரும்பிப் பார்ப்பார்கள். இவரிடம் அந்த வம்பு இல்லை. இவரிடம் இருக்கிற வம்பு வேறே. இன்றைக்குப் பிரசங்கத்தின் முடிவில் என்ன சொல்லப்போகிறார் என்பது ஆசீர் சாருக்குத் தெரியும். காலையில் ஆசீர் சார் வீட்டில் இடியாப்பம் சாப்பிடும்போதே சொல்லிவிட்டார். என் மகனைப் பற்றிச் சொல்லப்போகிறேன், அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான், வெளியூர் மேடையில் இதுவரை சொன்னதில்லை, இன்றைக்குச் சொல்லத் தோன்றுகிறது என்றார். சொதி ஊற்ற வந்த ஆசீர் சார் மனைவி எப்சிபா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஹாலில் இருந்த ஷெல்டன் போட்டோவைப் பார்த்துவிட்டு, உங்கள் மகனா என்று பாஸ்டர் கேட்டிருந்தார். ஆமாம். எப்படி? நெஞ்சு வலி. இங்கிலீஷிலும் அதே நெஞ்சு வலி. ஊருக்குச் சொன்னது போகட்டும், இந்த ஊரையே தெரியாத ஒரு மனுஷன், நாளை ரயில் ஏறினால் மறுபடி பார்க்கப்போவதில்லை, அவரிடமாவது சொல்லியிருக்கலாமே? அவர் உண்மையைச் சொன்ன பிறகாவது, பாஸ்டர், நான் சொன்னது பொய் என்று சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. இடியாப்பத்தைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தார். எப்சி சொதியை ஊற்றாமலே உள்ளே போனாள். பிறகு ஆசீர் சாருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தாள். "நானும் வாரேன்" என்றாள். ரெண்டு நாளாகக் கூட்டத்துக்கு வராதவள். வந்தால் நல்லதுதானே என்று சொல்லப்போனார், அதற்குள் அவள் சொன்னாள், "அவரு மகனையும் நெஞ்சு வலியில கொன்னுராதீங்க." சத்தம் போடவில்லை, அழவில்லை. பால் வாங்கிட்டு வாங்க என்று சொல்கிற குரல். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

இவள் இப்படிச் சொன்னாள். வாசலில் காரோடு நின்ற ரத்தினசிங் வேறே மாதிரிச் சொன்னார். கன்வென்ஷன் கமிட்டிச் செயலாளர், நல்ல மனுஷர், ஆனால் காது பாம்புக் காது. "சார், அவரு காலையில சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. அந்தக் கதய அப்படியே விட்டுறாதீங்க. வாலிபப் பிள்ளைகள் வந்து உக்காந்திருக்கும். யார எங்க புதைக்கன்னு கிளம்புன கல்லறைத் தோட்டத் தகராறு போன வருசந்தான் ஓய்ஞ்சிருக்கு. பையன் சுகமில்லாம இறந்துட்டான்னு முடிச்சிருங்க. உங்களுக்குத் தெரியாததா?" உங்களுக்குத் தெரியாததா. எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்கிற வார்த்தைதான். கறிக்கடைக்காரன்கூடச் சொல்கிறான், சார், எலும்பு கொஞ்சம் இருந்தாத்தான் குழம்பு ருசிக்கும், உங்களுக்குத் தெரியாததா. அதே வார்த்தை இன்றைக்குக் காலையிலிருந்து செருப்புக்குள் விழுந்த கல்லாக உறுத்துகிறது. தெரியும் என்று தெரிந்து சொன்னாரா? நீங்கள் ஏற்கெனவே ஒருதரம் செய்ததுதானே என்று சொன்னாரா? இல்லை, சும்மா வாயில் வந்ததா? "தேவன் நம் பாரங்களை அறிவார்" என்று ஆசீர் சார் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. பாஸ்டர் சொன்னதும் அதுதான். வாய்க்கு மனசு வேண்டியதில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் வாய் தனியாக நடக்கும், வண்டிமாடு வீட்டுக்குப் போகிற மாதிரி; உட்கார்ந்திருக்கிறவன் தூங்கினாலும் போய்ச் சேரும்.

பாஸ்டர் கையை உயர்த்தினார். ஆசீர் சாரும் கையை உயர்த்தினார். மனுஷன் தன் கையால் செய்ததைத் தானே விழுந்து கும்பிடுகிறான் என்றார் பாஸ்டர். ஆசீர் சார் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "மனுஷன், தான் சேர்த்து வைத்த சொத்தைத் தானே விழுந்து கும்பிடுகிறான்!" ஆமென் என்று ஒரு இரைச்சல் எழுந்தது, பெண்கள் பக்கத்தில் அல்லேலூயா கேட்டது. பாஸ்டர் முகம் மலர்ந்தது, பாவம், தன் வார்த்தைக்குத்தான் என்று நினைத்திருப்பார். போலீஸ் அனுமதியோடு நிபந்தனைகள் வந்திருக்கின்றன, அடுத்த மதத்துச் சாமியைப் பற்றிப் பேச்சே வரக்கூடாது, மதம் மாறு என்கிற மாதிரி ஒரு சொல் இருக்கக்கூடாது, தொட்டுச் சுகமாக்குகிற வேலை கூடாது. சரிதான், பக்கத்துத் தெருவில் அம்மன் கோயில் இருக்கிறது, கொடைத் திருவிழாவுக்கு அவர்கள் வைக்கிற ரேடியோ செட்டில் நாம் தூங்க முடியாவிட்டாலும் விரோதம் ஒன்றும் கிடையாது, ஏன் வம்பு. "இங்கிலீஷ்ல அவரு என்ன வேணும்னாலும் பேசட்டும். வெளியில போறது உங்க வாய்தான். வடிகட்டி விடுங்க" என்று ரத்தினசிங் முதல் நாளே சொல்லிவிட்டார். முன் வரிசை ஓரத்தில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது ஸ்டேஷனிலிருந்து மப்டியில் வந்த சுடலைமணி. ஆசீர் சாரிடம் படித்தவன்தான். முதல் நாள் எழுந்து நின்று, "குட்மார்னிங் சார். இங்கிலீஷ்ல என்னயப் பத்தி உங்களுக்குத் தெரியுமே சார். நீங்க சொல்லுதத வச்சுத்தான் நான் ரிப்போர்ட்டு எழுதணும்" என்று சிரித்தான். ஆக, கமிட்டிக்கும் ஆசீர் சார் வாய், சர்க்காருக்கும் ஆசீர் சார் வாய். அந்த வாய் மூடிக்கொண்டால் இந்தக் கோட்டுப் போட்ட மனுஷர் பந்தலில் ஒரு காற்றாடி, அவ்வளவுதான். இரண்டு நாளும் அதை நினைக்க ஆசீர் சாருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இன்றைக்கு இல்லை.

எப்சி எங்கே? பெண்கள் பக்கம், பந்தல்கால் ஓரம், நீலச் சேலை. முக்காடு நழுவிக் கிடக்கிறது, இழுத்துவிடவில்லை. எல்லோரும் பாஸ்டரைப் பார்க்கிறார்கள், அவள் இவரைப் பார்க்கிறாள். என் சின்ன வயதில் எங்கள் மலையில் ஊரடங்கு போட்டிருந்தார்கள் என்றார் பாஸ்டர். "என்னுடைய சிறு பிராயத்திலே, எங்கள் மலை நாட்டிலே, ஒரு நெருக்கடியான காலம் வந்தது." கோயில் வாசலில் பட்டாளத்துக்காரர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். "கோயில் வாசலிலே கெட்ட காலம் வந்து நின்றது." சுடலைமணி தலையாட்டினான். நாங்கள் பாட்டை நிறுத்தவில்லை, தொண்டைக்குள்ளேயே பாடினோம், பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நாங்கள் பாடுவதை நிறுத்தவில்லை, தொண்டைக்குள்ளே பாடினோம்." இதில் வெட்ட ஒன்றும் இல்லை. வெட்ட ஒன்றும் இல்லாத வரிதான் சுருக்கென்று தைக்கிறது. எப்சி தொண்டைக்குள்கூடப் பாடுவதில்லை. கொயரில் அவள்தான் முதல் குரலுக்கு ஆதாரம், அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் ஏறுவார்கள், இப்போது ஞாயிற்றுக்கிழமை கொயர் இடத்தில் உட்காராமல் பின்னால் தூணுக்கு அந்தப் பக்கம் உட்காருகிறாள், புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடி நிற்கிறாள். எல்லோரும் துக்கம் என்று நினைத்தார்கள். துக்கம்தான். ஆனால் வெறும் துக்கமாயிருந்தால் ஆறியிருக்கும் என்று அவருக்குத் தோன்றும். அது கோபம். யார்மேல் என்று கேட்கவே வேண்டாம், மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்மேல்தான்.

ஊர்ச் சபைக் குருவானவரைக் குறை சொல்லக்கூடாது. ஷெல்டன் வேலை பார்த்த கோயம்புத்தூரிலிருந்து ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தபோது அந்த மனுஷர்தான் கூடவே இருந்தார். வெளியே நாற்காலி போடச் சொன்னார், பந்தலுக்குச் சொன்னார், பிறகு ஆசீர் சாரைச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் தோளில் கையைப் போட்டார். "சார், நெஞ்சு வலின்னு அறிக்கை வாசிச்சிருவோம். அப்பத்தான் மணி அடிக்கலாம், கோயிலுக்குள்ள கொண்டு வரலாம், உங்க அப்பா பக்கத்துலயே இடம் குடுக்கலாம். வேற மாதிரின்னா சபைக் கமிட்டி என்ன சொல்லும்னு தெரியாதா? மதில் ஓரம், பாட்டு கிடையாது, ஜெபம் கிடையாது. பிள்ளைக்கு அது வேண்டாம் சார்." எவ்வளவு கருணையோடு சொன்னார். பயமுறுத்தியிருந்தால் ஆசீர் சார் எதிர்த்தாவது நின்றிருப்பார், கருணையை எதிர்த்து எப்படி நிற்க? சரி ஐயா என்றார். மணி அடித்தது, பாட்டு உண்டு, பூவாக வந்து குவிந்தது. வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த வயசுல நெஞ்சு வலியா, காலம் கெட்டுப்போச்சு என்றார்கள். ஒரு ஆளுக்குத் தெரியாமல் இல்லை. ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாம் தாண்டி வந்த உடம்பு, துணியால் சுற்றி வந்த உடம்பு, ஊருக்கென்ன கண் இல்லையா? எல்லோரும் தெரிந்துகொண்டே தெரியாதவர்களாக வந்துபோனார்கள், அதுவும் கருணைதான். எப்சியிடம் யாராவது நெஞ்சு வலியா என்று கேட்டால் அவள் பதில் சொல்லாமல் அவர்கள் முகத்தையே பார்த்தாள். போகப் போக யாரும் அவளிடம் கேட்பதில்லை. ஷெல்டன் பேச்சையே எடுப்பதில்லை. அதைத்தான் அவள் ஒரு தடவை சொன்னாள், "பொய்யச் சொல்லிப் புதைச்சோம், இப்ப அவன் பேரயும் சேத்துப் புதைச்சாச்சு. உள்ளதச் சொல்லியிருந்தா, அவன் எவ்வளவு கஷ்டப்பட்டான்னு யார்கிட்டயாவது சொல்லி அழுதிருப்பேன்."

"நம்மில் அநேகர் பாரத்தை மறைத்து வைத்திருக்கிறோம்." வாய் சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. பாஸ்டர் ஒரு அடி முன்னால் வந்தார், ஆசீர் சாரும் ஒரு அடி வந்தார். மூக்குக்கண்ணாடி வியர்வையில் வழுக்கியது. மறைத்து வைத்ததற்காக யாரும் நம்மைத் தண்டிக்க வேண்டியதில்லை, மறைத்ததே தண்டனை என்றார் பாஸ்டர். அதைச் சொல்லும்போது ஆசீர் சாருக்கு நாக்கு கொஞ்சம் தட்டியது. நெஞ்சு வலி குருவானவரிடம் ஆரம்பித்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதற்கு முந்தின கிறிஸ்துமஸ் லீவு. ஷெல்டன் வந்திருந்தான், மெலிந்து, சவரம் பண்ணாமல், ராத்திரி முழுக்க மொட்டைமாடியில் நடந்துகொண்டு. டாக்டர் கொடுத்த மாத்திரையை அம்மாவிடம் மட்டும் காட்டினான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெப விண்ணப்பங்களை எடுத்துச் சொல்வது ஆசீர் சார்தான், வேறு யாருக்கு அந்தக் குரல் உண்டு? அவர் எழுந்து போகும்போது எப்சி சட்டைக் கையைப் பிடித்தாள். "மனசு சரியில்லாம இருக்கான், எல்லாரும் ஜெபிச்சுக்கிடுங்கன்னு சொல்லுங்க. அவனே சரின்னுட்டான்." சரி என்றுதான் போனார். மைக்கு முன்னால் நின்றதும் எத்தனை முகம், முன் வரிசையில் ஷெல்டனுக்குப் பெண் கொடுக்கலாம் என்று ஜாடையாகக் கேட்டிருந்த ஒரு குடும்பம், "நம்முடைய ஷெல்டன் தம்பிக்கு நல்ல வேலை கிடைக்க ஜெபிப்போம்" என்று வந்துவிட்டது வாயில். இருக்கிற வேலையே நல்ல வேலைதான். சபை ஜெபித்தது. திரும்பி வந்து உட்காரும்போது ஷெல்டன் இவரைப் பார்த்து லேசாகச் சிரித்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, சிரித்தான், அப்பாவால் இவ்வளவுதான் முடியும் என்று தெரிந்த சிரிப்பு. இதை எப்சி ஒருநாளும் எடுத்துச் சொன்னதில்லை. சொல்லவே வேண்டாம், அது பாட்டுக்கு உள்ளே கிடந்து அறுக்கிறது.

போதும், கூட்டத்தைக் கவனி. பாஸ்டர் கோட்டுப் பையைத் தடவி கைக்குட்டையைத் தேடுகிறார். வருகிறது. என்ன சொல்லலாம்? சுகமில்லாமல் இறந்துபோனான், இது ரத்தினசிங் வைத்தது. கர்த்தருக்குள் நித்திரையடைந்தான், இது கல்லறைக் கல்லில் வெட்டுகிற வார்த்தை, யாரும் ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். அகால மரணம், இது பேப்பர்காரன். திடீரென்று எங்களை விட்டுப் பிரிந்தான், இது நோட்டீஸ் ஒட்டுகிறவன். எத்தனை வார்த்தை வைத்திருக்கிறோம், அட சண்டாளா, ஒன்றைச் சொல்லாமல் இருப்பதற்கு எத்தனை வார்த்தை! இதில் எதைச் சொன்னாலும் சனம் உச்சுக் கொட்டும், பாஸ்டருக்குத் தெரியப்போவதில்லை, சுடலைமணி ரிப்போர்ட்டை எழுதிவிட்டுச் சாப்பிடப் போவான், ரத்தினசிங் கையைக் குலுக்குவார். எப்சிக்குத் தெரியும். பி.ஏ. படித்தவள், இங்கிலீஷும் கேட்பாள், தமிழும் கேட்பாள், இரண்டு மைக்குக்கும் நடுவில் விழுந்தது என்ன என்று இந்தப் பந்தலிலேயே அவள் ஒருத்தி பொறுக்கிக்கொள்வாள். வீட்டுக்குப் போய் ஒன்றும் கேட்கமாட்டாள். சோறு வைப்பாள், சட்டை இஸ்திரி போடுவாள், சாகிற வரைக்கும் பால் வாங்கிட்டு வாங்க என்கிற குரலில் பேசிக்கொண்டிருப்பாள். அதைத்தான் தாங்க முடியாது. அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டுகிறவளாயிருந்தால் காலில் விழுந்தாவது நிறுத்தலாம்.

சரி, உள்ளதையே சொல்லிவிட்டால்? அவர் மகன்தானே, அவர் கதைதானே, எனக்கென்ன என்று சொல்லிவிட்டால்? அங்கேதான் சிக்கல். மொழிபெயர்ப்பில் "அவர் சொல்கிறார்" என்று சொல்லும் வழக்கம் கிடையாது. பிரசங்கியார் நான் என்றால் நீயும் நான் என்றுதான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடும். நான் பனியில் பிறந்தேன் என்று சொல்லியிருக்கிறார், நான் விமானம் ஓட்டினேன் என்று சொல்லியிருக்கிறார், ஒருதரம் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்காக, நான் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தபோது என்று முழங்கிவிட்டு மேடையில் அசடு வழிந்ததை ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அப்போதெல்லாம் அந்த நான் சட்டை மாதிரி, கூட்டம் முடிந்தால் கழற்றிப் போட்டுவிட்டு வந்துவிடலாம். இன்றைக்கு என் மகன் தன் உயிரை என்று இந்த வாய் இந்தப் பந்தலில் சொன்னால், எந்த மகன் என்று யாரும் மிசோ மலைக்குப் போய்ப் பார்க்கப்போவதில்லை. ஒரு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு எப்சியைத் திரும்பிப் பார்க்கும். குருவானவர் மேடையில் பின்னால் நாற்காலியில் இருக்கிறார், அவர் வாசித்த அறிக்கை பொய்யாகிவிடும். கமிட்டியில் எவனாவது எழுந்து, அப்படியானால் அந்தக் கல்லறை என்று ஆரம்பிப்பான். தோண்டி எடுத்து மதில் ஓரம் வைக்கவா போகிறார்கள்? மாட்டார்கள். மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. அட, தோண்டினால் தோண்டட்டுமே, மதில் ஓரம் என்ன நரகமா, அங்கேயும் வேப்பமர நிழல் விழத்தானே செய்கிறது? அப்படி நினைத்ததும் ஆசீர் சாருக்கே தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு நாளில் அப்படி ஒருதரமும் நினைத்ததில்லை.

எனக்கு ஒரு மகன் இருந்தான் என்றார் பாஸ்டர்.

"எனக்கு ஒரு மகன் இருந்தான்" என்றார் ஆசீர் சார்.

பாஸ்டர் அடுத்த வரிக்குப் போகவில்லை. கைக்குட்டையை விரித்து முகத்தைத் துடைத்தார், மறுபடி மடித்தார், மடித்ததை விரித்தார். அந்த மனுஷருக்கும் லேசில் வரவில்லை. பந்தலில் ஒரு பிள்ளை சிணுங்கியது, தாய் அதை மடியில் அமுக்கினாள். மொழிபெயர்க்கிறவன் இந்த மாதிரி நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு சும்மா நிற்க வேண்டும். பிரசங்கியாரை முந்துவதுதான் இந்த ஊழியத்திலேயே பெரிய குற்றம். புதுப் பையன்கள் செய்வார்கள், அடுத்த வரி தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் அவருக்கு முன்னால் ஓடிப்போய் நிற்பார்கள், அவர் வேறு எதையோ சொல்லி இவர்கள் முழிப்பார்கள். ஆசீர் சார் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை முந்தினதில்லை. சுகமில்லாமல் என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதைத் தள்ளிவிட்டால் போதும், மற்றதை வாய் பார்த்துக்கொள்ளும். நீலச் சேலை அசையவில்லை. அவள் முகத்தில் அவர் எதிர்பார்த்த கோபம் இல்லை, அவள் பயந்துபோயிருந்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், பரீட்சை எழுதுகிற பிள்ளையை ஜன்னல் வழியாகப் பார்க்கிற தாயின் முகம். இவள் எனக்காகப் பயப்படுகிறாளே, எனக்காக, இவ்வளவுக்குப் பிறகும்.

"அவனுக்கு நெஞ்சு வலி கிடையாது" என்றார் ஆசீர் சார்.

பந்தல் ஒரு கணம் புரியாமல் விழித்தது. மலைநாட்டுப் பையனுக்கு நெஞ்சு வலி என்று யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நெஞ்சு வலியில் போன பையன் இந்த ஊரில் ஒருத்தன்தான். அது ஒவ்வொரு தலையாக ஏறுவதை ஆசீர் சார் மேடையிலிருந்து பார்த்தார். முதலில் பெண்கள் பக்கம், பிறகு ஆண்கள். பாஸ்டர் திரும்பி இவரைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் தான் இன்னும் சொல்லாததை இந்த மனுஷன் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பது தெரிந்துவிட்டது. கைக்குட்டையைப் பையில் வைத்தார். தன் மைக்கை விட்டு இரண்டடி பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அவன் பேரு ஷெல்டன். உங்க எல்லாருக்கும் தெரியும். ரொம்ப நாளா அவனுக்கு மனசு சரியில்ல. அவன் அம்மா என்கிட்டச் சொன்னா. உங்ககிட்டச் சொல்லி ஜெபிக்கச் சொல்ல அவனும் சரின்னான், நான் வேலைக்குன்னு மாத்திச் சொன்னேன்." இது பிரசங்கத் தமிழ் இல்லை, மைக்கில் ஒருநாளும் பேசாத தமிழ், வீட்டில் பேசுவது. சுடலைமணி செல்போனைக் கீழே இறக்கிவிட்டான். ஓரக்கண்ணில் ரத்தினசிங் குனிந்து குனிந்து மைக்செட்காரரிடம் ஓடுவது தெரிந்தது. "என் மகன் தன் உயிரத் தானே..." என்றபோது ஸ்பீக்கர் பெட்டிகளில் டக்கென்று ஒரு சத்தம், அதோடு குரல் நின்றுபோனது. மேடைக்குப் பின்னால் நாற்காலி நகர்கிறது, குருவானவர் எழுந்திருக்கிறார். ஆசீர் சார் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. முன் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

பந்தல்கால் ஓரத்திலிருந்து எப்சிபா எழுந்து நின்றாள்.

"கேக்கலங்க" என்றாள். கொயரில் எடுத்துக் கொடுக்கிற அந்தக் குரல், பந்தலின் அந்தக் கோடி வரைக்கும் போயிற்று. "நல்லாச் சத்தமாச் சொல்லுங்க."

ஆசீர் சார் மைக்கை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு மேடை ஓரத்துக்கு வந்தார். கடைசி பெஞ்சுக்குப் பாடம் சொல்கிற தொண்டையில், என் மகன் ஷெல்டன் என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.